பந்தி பரிமாறிய காசு குடும்ப வருமானமா?

தை மாத முகூர்த்த நாளில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாம்பார் வாளியோடு வருகிற பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, முந்தைய பந்தியின் ரசக் கறை முழங்கைக்கு மேல் காய்ந்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே வேனில் வந்து இறங்கியிருப்பான். ராத்திரிப் பந்தி முடிய பதினொன்று, பதினொன்றரை ஆகும். பாத்திரக் கட்டுகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காலை டிபனுக்கு இலை போடத் தொடங்கியிருப்பான். "எந்தக் காலேஜ் தம்பி?" என்று கேட்டால் ஏதாவது ஓர் அரசுக் கல்லூரியின் பெயரையோ, புறவழிச்சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரியின் பெயரையோ சொல்வான்.

அவன் கையில் அன்று விழும் ஐந்நூறு, அறுநூறு ரூபாயைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு உலவுகிறது. "பையன்தான் சம்பாதிக்கிறானே, அதையும் சேத்துத்தானே குடும்ப வருமானம்? அதைச் சொல்லாம ஸ்காலர்ஷிப் வாங்குறது ஏமாத்து வேலை இல்லையா?" டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் கூடுகிற இடத்திலும் இதே பேச்சுதான். கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலும் இ-சேவை மையத்திலும்கூட இந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஒரே கூரை, ஒரே உலை, ஒரே வருமானம் என்று அது நேர்மையின் குரலாகவே ஒலிக்கிறது.

அந்தத் தீர்ப்பு தவறானது. சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு. காவிரிக் கரையின் கூலி வரலாறு தெரிந்தவர்கள் அதைச் சொல்லவே கூச வேண்டும்.

விதியிலிருந்தே தொடங்கலாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் இந்த மாவட்டங்களில் பல்லாயிரம் வீடுகளின் படிப்பைத் தாங்குகிறது. வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். இந்தத் திட்டத்துக்காக 2010-ல் திருத்தி வெளியிடப்பட்ட நெறிமுறைகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. தாய், தந்தையில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பெற்றோரின் வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யார் சம்பாதித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. விண்ணப்பத்திலும் இந்த அடிப்படையிலேயே வருமானத்தைக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் இறந்துபோன வீட்டில்தான் படிக்கவைக்கும் பாதுகாவலரின் வருமானம் கணக்குக்கு வரும். 2021-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோதும் வருமான வரம்பைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் மீதுதான் வைத்தார்கள். அண்ணன் திருப்பூரில் சம்பாதித்தாலும், அக்கா ஜவுளிக்கடையில் நின்றாலும் அந்தக் கணக்கில் இடமில்லை.

அப்படியானால் இந்த ஊர்த் தீர்ப்பு எங்கிருந்து முளைத்தது? ஒரு சொல்லிலிருந்து. விதி 'பெற்றோர் வருமானம்' என்கிறது. வாயில் வரும்போது அது 'குடும்ப வருமானம்' ஆகிவிடுகிறது. வேறு சில திட்டங்களுக்கு உண்மையிலேயே குடும்ப வருமானம்தான் அளவு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் என்று நிலத்துக்கும் எல்லை உண்டு. இரண்டு இடத்திலும் அதே 2.5 லட்சம். எண் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போடும் அம்மாவிடம், "வீட்ல வேற யாரும் வேலைக்குப் போறாங்களாம்மா?" என்று கேட்டால், பிள்ளை பந்திக்குப் போவதை அவர் பெருமையோடு சொல்லத்தான் செய்வார். அந்தப் பெருமை ஓர் எண்ணாக மாறிச் சான்றிதழில் ஏறினால் நட்டம் பிள்ளைக்கு.

எதிர்த்தரப்பு சும்மா விடாது. அதே 2010 நெறிமுறைகளில் இன்னொரு பிரிவு இருப்பதைச் சுட்டிக்காட்டும். வேலையில் இருக்கும் மாணவர் என்றால், அவருடைய வருமானமும் பெற்றோர் வருமானமும் சேர்ந்து வரம்புக்குள் இருக்க வேண்டும். அப்போதும் திரும்பக் கிடைக்காத கட்டாயக் கட்டணங்கள் மட்டுமே ஈடு செய்யப்படும். இதைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, சேக்கத்தானே சொல்லியிருக்கு" என்பார்கள்.

அந்தப் பிரிவை முழுதாகப் படிக்க வேண்டும். பராமரிப்புப் படியை நிறுத்திக் கட்டணத்தை மட்டும் தருவது ஏன்? சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது என்பதால். பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு மாலையிலோ அஞ்சல் வழியிலோ பட்டம் படிப்பவர்தான் அந்த விதியின் கண்ணில் இருக்கும் மனிதர். தையில் எட்டு நாள், ஆவணியில் ஆறு நாள் கூப்பிட்டால் போய், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கும் பையனை 'வேலையில் இருப்பவர்' என்று எந்தத் தமிழும் சொல்லாது. விடுமுறையில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணை ஊரே 'காலேஜ் படிக்கிற புள்ள' என்றுதான் அடையாளம் சொல்கிறது. பெரும்பான்மைக்குப் பொது விதி, விலக்கானவர்களுக்குச் சிறப்புப் பிரிவு என்பதுதான் அங்கே உள்ள ஏற்பாடு. சிறப்புப் பிரிவைக் கொண்டு பொது விதியை விழுங்கச் செய்வது நியாயமான வாசிப்பு ஆகாது.

மற்ற சட்டங்கள் என்ன சொல்கின்றன? பணம் பிடிப்பதில் இரக்கம் காட்டாத வருமான வரிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64(1ஏ) பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் வரும் வருமானம் பெற்றோரின் கணக்கில் சேர்க்கப்படும். அப்பா தன் பணத்தைப் பிள்ளை பெயரில் போட்டுவைத்து வரி தப்பிக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பிரிவிலேயே விலக்கும் உண்டு. பிள்ளை தன் உடலுழைப்பால் ஈட்டியதையோ, தன் திறமையால் ஈட்டியதையோ பெற்றோரின் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினெட்டு நிரம்பிவிட்டால் சேர்ப்பது என்ற பேச்சே கிடையாது. பத்து வயதுப் பிள்ளையின் உழைப்புக் காசையே அப்பாவின் வருமானம் என்று சொல்ல வரித்துறை துணியவில்லை. பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன் வாளி தூக்கிய காசை அப்பாவின் வருமானம் என்று சொல்வதற்கு ஊருக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

இன்னும் பின்னால் போனால் 1930-ஆம் ஆண்டின் இந்து கல்வி ஈட்டங்கள் சட்டம் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்துச் செலவில் படித்து வக்கீலான ஒருவரின் சம்பாத்தியத்தில் பங்காளிகள் பங்கு கேட்டு வழக்காடிய காலம் அது. குடும்பப் பணத்தில் படித்திருந்தாலும் படிப்பால் வந்த சம்பாத்தியம் படித்தவருடைய தனிச் சொத்தே என்று அந்தச் சட்டம் முடிவு கட்டியது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை சட்டமன்றத்தில் வி. பாஷ்யம் அய்யங்கார் இதே நோக்கத்தோடு ஒரு மசோதா கொண்டுவந்தார். அது ஆளுநரின் ஒப்புதலைப் பெறாமல் போனது. வக்கீல் வீட்டுப் பிள்ளையின் சம்பாத்தியம் குடும்பக் கணக்கிலிருந்து பிரிந்து நிற்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டு ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் கூலி மட்டும் இன்னும் குடும்பக் கணக்கிலேயே கிடக்க வேண்டுமாம்.

தஞ்சைத் தரணியில் இந்தப் பேச்சு கூடுதலாகக் காதில் குத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பண்ணையாள் முறையில் ஒருவர் மிராசுதாரிடம் வேலைக்கு நின்றால் அவர் மட்டும் நிற்பதாக அர்த்தமில்லை. மனைவி நடவுக்கும் களைக்கும் வர வேண்டும், பையன் மாடு மேய்க்க வேண்டும், பெண் பிள்ளை சாணி அள்ள வேண்டும். எல்லாருடைய கையும் சேர்ந்து ஒரு வேலையாள் குடும்பம். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் கூலி என்று ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவைக்கவே இந்த மண்ணில் பெரும் போராட்டம் தேவைப்பட்டது. ராஜாஜி ஆட்சியில் 1952-ல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்தப் போராட்டத்தின் விளைவு. கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். அதே வட்டாரத்தில், அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில், "வீட்டில் யார் உழைத்தாலும் ஒரே கணக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால் அது பழைய பண்ணைக் கணக்கின் வாடையோடுதான் வருகிறது. சொல்பவருக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாடை இருக்கிறது.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு வீடு. அப்பா அரிசி ஆலையில் மாதம் 16,500 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார், ஆண்டுக்கு 1,98,000. அம்மாவுக்கு நடவு, களை, நூறு நாள் வேலை எல்லாம் சேர்த்து 32,000. பெற்றோர் வருமானம் 2,30,000, வரம்புக்குள் வருகிறது. பையன் ஆண்டில் நாற்பது நாள் பந்திக்குப் போய் நாளுக்கு 600 வீதம் 24,000 ஈட்டுகிறான். ஊர்த் தீர்ப்பின்படி அதையும் சேர்த்தால் 2,54,000. வரம்பைத் தாண்டியது 4,000 ரூபாய். அதனால் போவது எவ்வளவு? சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் 50,000 ரூபாய் என்றும், தேசியத் தர அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 55,000 என்றும் வைத்தது. உதவித்தொகை ஈடு செய்யும் அந்தத் தொகை முழுவதும் போய்விடும். நாற்பது நாள் தூக்கம் விட்டு 24,000 சம்பாதித்ததற்கு அபராதம் 50,000. வீட்டில் படுத்திருந்தால் அபராதம் இல்லை. பிள்ளைகள் உழைக்க வேண்டும், பொறுப்பு வர வேண்டும் என்று மேடைதோறும் பேசும் சமூகம், உழைத்த பிள்ளையைப் பிடித்து இப்படி ஒரு குழியில் தள்ளும் கணக்கை எப்படி நேர்மை என்று அழைக்கிறது?

வரம்பு படிக்கட்டாக இருந்தாலாவது பரவாயில்லை. மேலே போகப் போக உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது வாய்க்கால் மதகு மாதிரி. பலகையை இறக்கினால் ஒரு சொட்டும் வராது.

அந்த 2.5 லட்சம் என்ற எண்ணும் 2013-ல் வைத்தது. நெல்லைக் கொண்டு அளந்தால் டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 2013-14-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,310 ரூபாய். அந்த விலையில் 2.5 லட்சம் என்றால் 190 குவிண்டால் நெல். 2025-26-ல் ஆதரவு விலை 2,369. இப்போது அதே 2.5 லட்சம் 105 குவிண்டால்தான். கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40 கிலோ என்று அடுக்கிப் பார்த்தால், 470 சிப்பத்துக்கு மேல் இருந்த வரம்பு 260 சொச்சத்துக்குச் சுருங்கியிருக்கிறது. குடும்பம் பணக்காரக் குடும்பம் ஆகவில்லை; வரம்புதான் கீழே இறங்கிவந்து அதன் தலையில் இடிக்கிறது. இப்படிச் சுருங்கிய பாத்திரத்துக்குள் மாணவரின் கூலியையும் ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும்?

அந்தக் கூலி போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்புக்கு வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு 2021 நெறிமுறைகள் தரும் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதில் ஒரு டீகூட வராது. தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, மத்தியானச் சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் பந்திக் காசில்தான் ஓடுகின்றன. அந்தப் பையனின் பாஸ்புக்கைப் பிரித்தால் கதை அப்படியே தெரியும். கேட்டரிங்காரர் ஜிபே செய்த 600. மறுநாள் தேர்வுக் கட்டணத்துக்குப் போனது போக மீதி அறுபதோ எழுபதோ. எப்போதோ ஒரு நாள் உதவித்தொகை அதே கணக்கில் வந்து விழுந்திருக்கும். முன்னால் வர வேண்டிய உதவி பின்னால் வருவதால், இடையில் இருக்கிற பள்ளத்தை அவன் தன் முதுகால் நிரப்பிக்கொண்டிருக்கிறான். பெற்றோரிடம் பணம் இல்லை என்பதற்கு அவனுடைய கூலியைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்தச் சான்றையே அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

"எல்லாருமே பொய்ச் சான்றுதான் வாங்குகிறார்கள், இதிலாவது உண்மை இருக்கட்டுமே" என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் 72,000 என்ற எண் ஊரறிந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு 72,000 ஆக இருந்த காலத்தில், அந்த எண்ணை எழுதி வாங்காத தெரு இல்லை. பிறகு வரம்பு 1,20,000 ஆனது. சம்பளம் வாங்கும் அப்பா அதை மறைத்துக் குறைத்துக் காட்டினால் அது பொய்தான். உண்மையிலேயே இல்லாத வீட்டின் பங்கை அது பறிக்கிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கு ஒரு சொல்லும் பரிந்து பேசவில்லை. ஆனால் பெரியவர்கள் மறைப்பதற்குச் சிறுவர்களின் கூலியை ஈடாகப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? மாணவரிடம் கேட்டால் அவரும் உண்மையைச் சொல்லட்டும். சொல்வது வேறு, சேர்ப்பது வேறு. விதி சேர்க்கச் சொல்லாததைச் சேர்க்காமல் விடுவது மறைப்பு ஆகாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். இதர பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய இட ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' பார்க்கிறார்கள். 1993-ல் வந்த அந்த ஏற்பாட்டில் பார்க்கப்படுவது பெற்றோரின் நிலை; விண்ணப்பிப்பவரின் சொந்த வருமானம் கணக்கில் இல்லை. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும்கூட எட்டு லட்ச ரூபாய் வருமானச் சோதனையில் சேர்வதில்லை. எட்டு லட்ச வரம்புக்காரருக்கு இத்தனை விலக்கு. 2.5 லட்ச வரம்புக்காரரின் பிள்ளை பந்தி பரிமாறிய அறுநூறு ரூபாய்க்கு விசாரணை.

பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பதாரரின் வருமானமும் குடும்ப வருமானத்தில் சேர்க்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேயும் வரம்பு எட்டு லட்சம். ஒரு மாணவரின் விடுமுறைக் கூலியால் அது உடையாது. இங்கே உடைகிறது.

வெளிநாட்டைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெற்றோரை அண்டியிருக்கும் மாணவரின் வருமானத்தையும் உதவி விண்ணப்பத்தில் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு குறிப்பிட்ட தொகை வரை மாணவரின் வருமானம் தொடப்படுவதில்லை. அதற்கு மேல் உள்ளதில்தான் பாதியைப் படிப்புச் செலவுக்கு என்று கணக்கிடுகிறார்கள். கல்லூரி வழியாகவே கிடைக்கும் அரசின் பகுதிநேர வேலைச் சம்பளத்தை அதிலிருந்தும் கழித்துவிடுகிறார்கள். அப்படி இருந்தும், பெற்றோரின் வருமானத்தைவிட மாணவரின் வருமானத்தின் மீது கூடுதல் விகிதம் விழுகிறது என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. இங்கிலாந்தில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் சம்பாதிப்பதை மாணவர் உதவிக்கான குடும்ப வருமானத்தில் சேர்ப்பதே இல்லை. லண்டன் உணவகத்தில் தட்டு எடுக்கும் மாணவருக்கு உள்ள மரியாதை, கும்பகோணம் மண்டபத்தில் இலை எடுக்கும் மாணவருக்கும் உண்டு.

வருமானத்தையே கேட்காமல் உதவ முடியும் என்பதைத் தமிழ்நாடு செய்தும் காட்டியிருக்கிறது. மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் அமைந்த திட்டம்தான் 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்று தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டிலும் எந்தப் பள்ளி என்றுதான் கேள்வி. வீட்டில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை. பொறியியல் கலந்தாய்வில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகைக்கும் வருமான வரம்பு கிடையாது. இவற்றால் வானம் இடிந்து விழவில்லை.

ஆகவே ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் வருவாய்த் துறையிடமும் கேட்பது ஒன்றுதான். உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்கும் எல்லாப் படிவங்களிலும், 'தாய், தந்தை வருமானம் மட்டும். மாணவரின் பகுதிநேர, விடுமுறைக் கூலி சேராது' என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இ-சேவை மையத்துச் சுவரிலும் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் அதையே ஒட்டுங்கள். கல்லூரியில் உதவித்தொகை மேசையில் இருப்பவர்கள், விண்ணப்பத்தை வாங்கும்போது அந்த வரியை மாணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் பிள்ளைகளே, 'குடும்ப வருமானம் எவ்வளவு?' என்று யாராவது கேட்டால், எந்தத் திட்டத்துக்கு, யாருடைய வருமானம் என்று திருப்பிக் கேளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு என்றால் அப்பா, அம்மா வருமானத்தை உள்ளபடி சொல்லுங்கள். பந்தியில் நீங்கள் வாங்கிய கூலி அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அல்ல.